ஐபி துண்டுகள் முழுதாகச் சேராமல் நின்றால்: டைமரை எங்கே தொடங்குவது, எப்படி முடிப்பது, ஐசிஎம்பி எப்போது அனுப்புவது?

நுண்கரு எழுதியது:

சிறிய கெர்னல் ஒன்றுக்கு ஐபிவி4 துண்டுகளை (பெரிய பாக்கெட் உடைந்து வரும் ஃப்ராக்மென்ட்களை) மறுபடி சேர்க்கும் பகுதி எழுதுகிறேன். இப்போதைய அமைப்பு இது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, புரோட்டோகால், ஐடி நான்கையும் வைத்து ஹாஷ். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு க்யூ. க்யூவுக்குள் துண்டுகள் ஆஃப்செட் (பாக்கெட்டில் துண்டு தொடங்கும் இடம்) வரிசையில் ரெட்-பிளாக் மரத்தில் இருக்கும். மரக் கணுவுக்குத் தனி இடம் ஒதுக்காமல், பஃபர் கட்டமைப்பில் லிங்க் பாயின்டர்களும் இன்டர்ஃபேஸ் பாயின்டரும் இருக்கும் இடத்தையே யூனியனாக (ஒரே நினைவிடத்தை இரண்டும் பகிரும்படி) பயன்படுத்துகிறேன். துண்டு வரும்போதெல்லாம் க்யூவின் டைமரை 30 வினாடி தள்ளி வைக்கிறேன். டைமர் அடித்தால் லாக்கை எடுத்து, அனுப்புநருக்கு ஐசிஎம்பி பிழைச் செய்தி அனுப்பி, எல்லாவற்றையும் விடுவிக்கிறேன்.

சந்தேகங்கள்: டைமர் மதிப்பு 15, 30, 60 என்று ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்று இருக்கிறது, எதை எடுப்பது? தள்ளி வைப்பது முறையா? ஐசிஎம்பி எப்போதும் அனுப்பணுமா? இவை தவிர, சுமை ஏறும்போது கெர்னல் இரண்டு இடங்களில் விழுகிறது. ஒன்று, விடுவித்த க்யூவை மறுபடி தொடுவது. இன்னொன்று, ஐசிஎம்பி அனுப்பும் இடத்தில் இன்டர்ஃபேஸ் பாயின்டர் குப்பையாக இருப்பது. இன்டர்ஃபேஸை யாரும் இறக்கவில்லை, ஆனாலும் இரண்டாவது வருகிறது.

அடுக்கு3 எழுதியது:

தள்ளி வைப்பதை முதலில் எடுத்துவிடுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐபிவி4 பாக்கெட்டின் அதிகபட்ச நீளம் 65,535 பைட், தலைப்பு 20 போக 65,515. துண்டு 8 பைட் அளவுக்குச் சிறிதாக இருக்கலாம். ஆக ஒரே பாக்கெட்டை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைக்கலாம். 29 வினாடிக்கு ஒன்றாக அனுப்பினால் அந்த ஒரு க்யூ இரண்டரை நாளுக்கும் மேல் உயிரோடு இருக்கும். நகல் துண்டும் டைமரைத் தள்ளுமானால் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்பியே க்யூவை எத்தனை நாளானாலும் பிடித்து வைக்கலாம்.

டைமர் க்யூ உருவாகும் கணத்தில் ஒரே முறை தொடங்கணும், அதற்குப் பிறகு அதைத் தொடக்கூடாது. ஐபிவி6-க்கான தர ஆவணம் ஆர்எஃப்சி 8200 இதையேதான் சொல்கிறது: முதலில் வந்து சேர்ந்த துண்டிலிருந்து 60 வினாடி. முதலில் வந்து சேர்ந்த துண்டு ஆஃப்செட் 0 உள்ளதாகத்தான் இருக்கணும் என்றில்லை. நடுத்துண்டோ கடைசித் துண்டோ முதலில் வந்தாலும் அப்போதே தொடங்கணும்.

மதிப்பைப் பொறுத்தவரை, 1981-இல் வந்த ஆர்எஃப்சி 791 தொடக்க மதிப்பாக 15 வினாடியைப் பரிந்துரைத்தது. வரும் துண்டின் டிடிஎல் (பாக்கெட்டின் ஆயுளைக் குறிக்கும் எண்) அதைவிடப் பெரிதாக இருந்தால் டைமரை அந்த அளவுக்கு உயர்த்தவும் சொன்னது, ஏனென்றால் டிடிஎல்லை அப்போது வினாடியாகக் கருதினார்கள். நடைமுறையில் டிடிஎல் தாண்டும் ரூட்டர்களின் எண்ணிக்கையாகிவிட்டது. 1989-இல் ஆர்எஃப்சி 1122, டிடிஎல்லைப் பார்க்காமல் நிலையான மதிப்பு வையுங்கள், அது 60-இலிருந்து 120 வினாடிக்குள் இருக்கட்டும் என்றது. ஓடுகிற கணினிகளில் அந்த அளவு நீளம் பலருக்கும் கட்டுப்படியாகவில்லை. லினக்ஸில் ஐபிவி4-க்கு 30, ஐபிவி6-க்கு 60. ஃப்ரீபிஎஸ்டியிலும் ஐபிவி4-க்கு 30 வினாடிதான், அரை வினாடி டிக் கணக்கில் 60 என்று எழுதியிருந்தார்கள். 30-இல் தொடங்குங்கள், ஆனால் ஓடும்போதே மாற்றக்கூடியதாக வையுங்கள். உங்கள் சுமைக்கு அது அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஐசிஎம்பி எப்போதும் அனுப்பக்கூடாது. ஆஃப்செட் 0 துண்டு கையில் இருந்தால் மட்டும் வகை 11, குறியீடு 1 (துண்டு சேர்க்கும் நேரம் கடந்துவிட்டது). அனுப்பியவருக்கு எந்தப் போர்ட்டின் பாக்கெட் போனது என்று தெரிய யூடிபி தலைப்பு தேவை, அது முதல் துண்டில் மட்டுமே இருக்கும். ஐபிவி6-இலும் அதே விதி, வகை 3, குறியீடு 1. பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் முகவரிக்கு வந்த பாக்கெட்டுக்கு அனுப்பவே கூடாது. வேகக் கட்டுப்பாடும் கட்டாயம்: லினக்ஸில் வகை 11 இயல்பாகவே ஐசிஎம்பி வேகக் கட்டுப்பாட்டு மாஸ்க்கில் இருக்கிறது. அது இல்லையென்றால் பொய் முகவரியிலிருந்து வரும் துண்டுகளுக்கெல்லாம் உங்கள் கணினி வேறு யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருக்கும்.

பூட்டுச்சாவி எழுதியது:

கெர்னல் விழும் இரண்டு இடத்துக்கும் காரணம் நீங்க எழுதினதிலேயே இருக்கு.

இன்டர்ஃபேஸ் பாயின்டர் குப்பையாக வருவது யூனியனால. துண்டை மரத்தில் செருகின அந்த நொடியே, கணுவின் இடது, வலது, பெற்றோர் பாயின்டர்கள் அதே நினைவிடத்தில் எழுதப்படுது. 30 வினாடி கழிச்சு நீங்க இன்டர்ஃபேஸ்னு நினைச்சுப் படிக்கிறது மரத்தின் ஒரு கணுவை. லினக்ஸின் பஃபர் கட்டமைப்பிலும் இதே யூனியன் இருக்கு. அதனாலதான் அங்கே மரத்தில் செருகும் முன்னாடியே இன்டர்ஃபேஸ் பாயின்டரைப் படிச்சுக்கிட்டு, அதோட எண்ணை மட்டும் க்யூவில் எழுதி வெச்சுக்கிறாங்க. டைமர் அடிக்கும்போது அந்த எண்ணை வெச்சு இன்டர்ஃபேஸைத் தேடணும். கிடைக்கலைன்னா ஐசிஎம்பி வேண்டாம், விடுவிச்சுட்டுப் போயிடலாம். பாயின்டரை வேற இடத்தில் பத்திரமா வெச்சாலும் சரியாகாது, 30 வினாடிக்குள்ள இன்டர்ஃபேஸே காணாமப் போகலாம். ரூட்டிங் விவரமும் அப்படித்தான், பழசை நம்பாம மறுபடி தேடணும்.

இப்போ விடுவித்த க்யூ விஷயம். நடக்கிறது இதுதான்:

சிபியு 0-இல் டைமர் அடிச்சாச்சு, கால்பேக் (டைமர் கூப்பிடுற ஃபங்ஷன்) க்யூ லாக்குக்காகக் காத்திருக்கு. லாக் சிபியு 1 கையில், அங்கே கடைசித் துண்டு வந்து பாக்கெட் முழுசாயிடுச்சு. சிபியு 1 டைமரை நிறுத்தச் சொல்லுது. டைமர் ஏற்கெனவே ஓடத் தொடங்கினதால நிறுத்த முடியலை. நீங்க அதோட விடையைப் பார்க்காம க்யூவை விடுவிச்சிடுறீங்க. லாக்கும் அந்த க்யூவுக்குள்ளதான் இருக்கு. சிபியு 0 எழுந்து, விடுவிச்ச நினைவகத்தில் இருக்கிற லாக்கை எடுக்கப் பார்க்குது.

ரெஃபரன்ஸ் கவுன்ட் (க்யூவை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கங்கிற எண்ணிக்கை) வெச்சு எழுதுங்க. க்யூ உருவாகும்போது மூணு: ஹாஷ் அட்டவணைக்கு ஒண்ணு, டைமருக்கு ஒண்ணு, உருவாக்கினவருக்கு ஒண்ணு. க்யூவை முடிக்கும் வேலை ஒரே ஃபங்ஷனில் இருக்கணும், லாக் கையில் இருக்கும்போதுதான் அதைக் கூப்பிடணும். டைமரை நிறுத்திப் பாருங்க. நிறுத்த முடிஞ்சாத்தான் டைமரின் ரெஃபரன்ஸை நீங்க குறைக்கலாம். முடியலைன்னா அது கால்பேக்கோட பொறுப்பு. "முடிந்தது" கொடி ஏற்கெனவே இல்லைன்னா அதைப் போட்டு, ஹாஷிலிருந்து எடுத்து, ஹாஷின் ரெஃபரன்ஸைக் குறைங்க. கால்பேக் லாக்கை எடுத்ததும் முதல்ல கொடியைப் பார்க்கணும். கொடி இருந்தா லாக்கை விட்டு, தன் ரெஃபரன்ஸைக் குறைச்சுட்டு வெளியே. பூஜ்யத்துக்குக் கொண்டு வர்றவர்தான் விடுவிப்பார்.

"கால்பேக் முடியும் வரை காத்திருந்து நிறுத்து" வகை ஃபங்ஷனை இங்கே கூப்பிடாதீங்க. லாக்கைப் பிடிச்சுக்கிட்டு கால்பேக்குக்காக நீங்க காத்திருப்பீங்க, கால்பேக் அதே லாக்குக்காகக் காத்திருக்கும். அதோட எல்லாம் நின்னுடும்.

ஹாஷில் தேடுற பக்கமும் ஓட்டை இருக்கும். லாக் இல்லாம தேடுறீங்கன்னா, ரெஃபரன்ஸ் பூஜ்யமா இல்லாட்டித்தான் கூட்டணும், பூஜ்யமா இருந்தா க்யூ கிடைக்கலைன்னு எடுத்துக்கணும். கூட்டி, லாக்கையும் எடுத்த பிறகு கொடியை மறுபடி பார்க்கணும். தேடினதுக்கும் லாக் கிடைச்சதுக்கும் நடுவில் டைமர் அந்த க்யூவை முடிச்சிருக்கலாம். கொடி இருந்தா துண்டைக் கைவிடுங்க.

கடைசியா, ஐசிஎம்பியை லாக்குக்குள்ள அனுப்பாதீங்க. அந்த ஐசிஎம்பி வெளியே போகும் வழியில் லூப்பேக்கிலோ ஃபில்டரிலோ புகுந்து இதே துண்டு சேர்க்கும் பகுதிக்கே திரும்ப வரலாம். முதல் துண்டை மரத்திலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்குங்க, லாக்கை விடுங்க, அப்புறம் அனுப்புங்க.

சிறுநினைவகம் எழுதியது:

ஒவ்வொரு க்யூவுக்கும் தனி டைமர் அவசியமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு சாதனங்களுக்கான டிசிபி/ஐபி மென்பொருளான எல்டபிள்யூஐபியில் தனி டைமரே கிடையாது. வினாடிக்கு ஒரு முறை ஒரு ஃபங்ஷன் எல்லா க்யூவையும் நடந்து பார்க்கும், ஒவ்வொன்றின் எண்ணிலும் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமாகவே இருந்தால் விடுவிக்கும். இயல்பு மதிப்பு 15, பழைய பதிப்புகளில் 3. ஒரு வினாடித் துல்லியம் இந்த வேலைக்குத் தாராளம். பூட்டுச்சாவி சொன்ன, டைமருக்கும் கடைசித் துண்டுக்கும் நடக்கும் மோதல் இங்கே வராது, டைமருக்கென்று ரெஃபரன்ஸே இல்லை. சில நூறு க்யூவுக்குள் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

எல்லா க்யூவுக்கும் ஒரே கால அளவு என்றால் இன்னும் எளிது. உருவான வரிசையில் ஒரு லிஸ்ட் வையுங்கள், தலையில் இருப்பதுதான் முதலில் காலாவதியாகும். காலாவதியாகாத முதல் க்யூவைக் கண்டதும் நடையை நிறுத்தலாம். தள்ளி வைக்கும் வழக்கம் இருந்தால் இந்த வரிசை கலைந்துவிடும், அந்த வழக்கத்தைக் கைவிட இது இன்னொரு காரணம்.

நேரத்தைக் கடிகாரத்திலிருந்து எடுக்காதீர்கள், யாராவது கடிகாரத்தைத் திருத்தினால் எல்லா க்யூவும் ஒரே நேரத்தில் சாகும், அல்லது சாகவே சாகாது. டிக் எண்ணிக்கையைப் பயன்படுத்துங்கள், ஒப்பிடும்போது கழித்து வரும் விடையின் குறியைப் பாருங்கள். 32 பிட் எண்ணில் வினாடிக்கு 1000 டிக் என்றால் 49.7 நாளில் சுற்றி வந்துவிடும்.

யூனியன் சிக்கல் எல்டபிள்யூஐபியிலும் உண்டு, அங்கே இன்னும் நெருக்கம்: துண்டின் ஐபி தலைப்பின் மேலேயே அடுத்த பஃபரின் பாயின்டரையும் தொடக்கம், முடிவு ஆஃப்செட்டையும் எழுதுகிறார்கள். அதனால் ஐசிஎம்பி அனுப்பும் முன், க்யூவில் பத்திரப்படுத்திய அசல் தலைப்பை முதல் துண்டில் திரும்ப நகலெடுத்த பிறகே அனுப்புகிறார்கள்.

நுண்கரு எழுதியது:

இன்டர்ஃபேஸ் எண்ணுக்கும் ரெஃபரன்ஸ் கவுன்டுக்கும் மாற்றிவிட்டேன். இரண்டு விழுதலும் நின்றுவிட்டன. இப்போது வேறு கேள்வி. சுமை: 8 கேபி யூடிபி பாக்கெட், வினாடிக்கு 10,000, ஒரே அனுப்புநர், எம்டியூ (லிங்க் ஒரே தடவையில் எடுக்கும் அதிகபட்ச பாக்கெட் அளவு) 1500, ஆக பாக்கெட்டுக்கு 6 துண்டு. நினைவக வரம்பு 4 எம்பி, மதிப்பு 30 வினாடி. வழியில் லேசான இழப்பு இருந்தாலே திடீரென்று எதுவுமே சேராமல் பல வினாடி நின்றுவிடுகிறது, பிறகு தானாக மீள்கிறது. வரம்பைக் கூட்டினால் போதுமா?

அடுக்கு3 எழுதியது:

போதாது. நிற்பதற்கு முழுக் காரணம் 30 வினாடிதான்.

பாக்கெட்டுகளில் ஆயிரத்தில் ஒன்று ஒரு துண்டை இழக்கிறது என்று வையுங்கள். வினாடிக்கு 10 க்யூ அரைகுறையாக நிற்கும். ஒவ்வொன்றும் 30 வினாடி இருக்கும், ஆக எந்த நேரத்திலும் 300 அரைகுறை க்யூ. ஒவ்வொன்றிலும் 5 துண்டு, துண்டுக்கு 2 கேபி பஃபர் என்றால் 10 கேபி. மொத்தம் 3 எம்பி. வரம்பில் முக்கால்வாசியை இனி முழுமையாக வாய்ப்பே இல்லாத பாக்கெட்டுகள் பிடித்திருக்கின்றன. இழப்பு ஆயிரத்தில் இரண்டானால் 6 எம்பி வேண்டும், வரம்பு 4.

வரம்பைத் தொட்டதும் நடப்பதுதான் மோசம். புதிய துண்டுகளை மறுக்கிறீர்கள். அந்த நேரத்தில் 3 துண்டு வந்து மீதி 3 வரவேண்டிய நல்ல பாக்கெட்டுகளும் அரைகுறையாகி அதே 30 வினாடிக் கூட்டத்தில் சேர்கின்றன. கொஞ்சம் இடம் காலியானால் வினாடிக்கு 60,000 துண்டுகள் அதற்குப் போட்டி போடும், அவற்றிலும் பெரும்பாலானவை முழுமையாகாது. பழைய க்யூக்கள் மொத்தமாகக் காலாவதியாகும் வரை இது தீராது.

மதிப்பை 3 வினாடியாக்குங்கள். ஆயிரத்தில் ஒன்று இழப்புக்கு 300 கேபி, நூற்றில் ஒன்று இழப்புக்கே 3 எம்பிதான். வரம்பைத் தொட வேண்டிய தேவையே வராது.

உங்கள் சுமையில் 30 வினாடி இன்னொரு கேட்டையும் செய்யும், அது நிற்பதைவிட மோசமானது. ஐபிவி4 ஐடி 16 பிட்தான். வினாடிக்கு 10,000 பாக்கெட் என்றால் 65,536 எண்களும் ஆறரை வினாடியில் தீர்ந்து, முதலிலிருந்து வரும். 7-ஆவது வினாடியில் வரும் புதிய பாக்கெட்டின் துண்டு, அதே ஐடியில் காத்திருக்கும் பழைய க்யூவில் இருக்கும் ஓட்டையைக் கச்சிதமாக அடைக்கும். இரண்டு பாக்கெட்டின் பாதிகள் ஒன்றாகிவிடும். அதைப் பிடிக்க யூடிபியின் 16 பிட் செக்சம் மட்டுமே இருக்கிறது, அது தோராயமாக 65,536-இல் ஒன்றைத் தவறவிடும். அந்த ஒன்று பிழைச் செய்தி ஏதும் இல்லாமல் கெட்ட தரவாக அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேரும். 2007-இல் ஆர்எஃப்சி 4963 முழுக்க இந்த ஆபத்தைப் பற்றியதுதான்.

ஆகவே கால அளவு ஐடி சுற்றி வரும் நேரத்தைவிடக் குறைவாக இருந்தே ஆகணும்.

பூட்டுச்சாவி எழுதியது:

> கால அளவு ஐடி சுற்றி வரும் நேரத்தைவிடக் குறைவாக

நேரத்தை மட்டும் நம்பாம இன்னொரு தடுப்பும் போடலாம். லினக்ஸில் ஐபிஃப்ராக்_மேக்ஸ்_டிஸ்ட் இருக்கு, இயல்பு மதிப்பு 64. அனுப்புநர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண்ணி (கவுன்டர்). அவர்கிட்டயிருந்து துண்டு வரும்போதெல்லாம் கூடும். க்யூவுக்கு அடுத்த துண்டு வரும்போது, அதே க்யூவுக்கு முந்தைய துண்டு வந்ததிலிருந்து எண்ணி 64-க்கு மேல நகர்ந்திருந்தா, பழைய துண்டுகளைக் கொட்டிட்டு க்யூவைப் புதுசாத் தொடங்குவாங்க. டைமரும் அப்போ புதுசாத்தான். ஐடி சுற்றி வந்திருந்தா நடுவில் லட்சக்கணக்கான துண்டு போயிருக்கும், இதில் கட்டாயம் மாட்டும்.

கவனிக்க வேண்டியது: துண்டுகள் பல லிங்க் வழியாவோ பல ரிசீவ் க்யூ வழியாவோ வந்து வரிசை குலைஞ்சா, 64 துண்டு தாண்டுறது சாதாரணமா நடக்கலாம். உங்க சுமையில் 64 துண்டுன்னா ஒரு மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேலதான். நல்ல பாக்கெட்டும் கொட்டப்படும். வரிசை எவ்வளவு குலையுதுன்னு அளந்து பார்த்து எண்ணைக் கூட்டுங்க. ஐபிவி6-இல் ஐடி 32 பிட், இந்தத் தடுப்பு அங்கே தேவையில்லை.

சிறுநினைவகம் எழுதியது:

3 வினாடி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதைச் சொல்லியாகணும். 64 கேபிபிஎஸ் லிங்க்கில் 1500 பைட் துண்டு ஒன்று போகவே 0.19 வினாடி ஆகும். முழு நீளப் பாக்கெட் ஒன்றின் துண்டுகள் எல்லாம் போய்ச் சேர 8 வினாடிக்கு மேல். அங்கே 3 வினாடி வைத்தால் பெரிய பாக்கெட் ஒன்றுகூடச் சேராது. வேகமான லிங்க்குக்குச் சிறிய மதிப்பு, மெதுவானதற்குப் பெரிய மதிப்பு என்று இன்டர்ஃபேஸ் வாரியாகவாவது பிரிக்க இடம் வையுங்கள்.

வரம்பைத் தொடும்போது புதியதை மறுப்பதா, பழையதைத் தள்ளுவதா என்பது நினைவகத்தின் அளவைப் பொறுத்தது. எல்டபிள்யூஐபியில் மொத்தமே 10 பஃபர்தான் இயல்பு அளவு. 6 துண்டுப் பாக்கெட் இரண்டு ஆளுக்கு ஒரு துண்டை இழந்தால் பத்தும் போயிற்று. புதியதை மறுத்தால் 15 வினாடிக்கு எதுவுமே நடக்காது. அதனால் அங்கே பழைய க்யூவைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறார்கள்.

அரண் எழுதியது:

பெரிய கணினிகளில் லினக்ஸ் எதிர்த்திசையில் போனது. முன்பு மேல் வரம்பைத் தொட்டால் கீழ் வரம்பு வரும் வரை அரைகுறை க்யூக்களை வெளியேற்றும். 4.17-இலிருந்து அந்த வெளியேற்றம் இல்லை, கீழ் வரம்பு அளபுருவுக்கும் வேலை இல்லை. வரம்பைத் தாண்டினால் புதிய துண்டு மறுக்கப்படும், அவ்வளவுதான். தாக்குதலின்போது பழையதைத் தேடித் தள்ளும் வேலையே சிபியுவைத் தின்னும், தள்ளப்படுவதும் பெரும்பாலும் நல்ல க்யூவாக இருக்கும். ஆனால் மறுப்பதும் முழுத் தீர்வு ஆகாது: துண்டுக்கு 2 கேபி, வரம்பு 4 எம்பி, 30 வினாடி என்றால் வினாடிக்கு வெறும் 70 பொய்த் துண்டுகள் போதும், அட்டவணை நிரம்பியே இருக்கும். அனுப்புநர் வாரியாக வரம்பு வைத்தால் ஒரே முகவரியிலிருந்து வருவதைத் தடுக்கலாம், பொய் முகவரிகளை அது தடுக்காது. சிறிய கால அளவுதான் இங்கேயும் அதிகம் உதவும்.

க்யூவுக்குள் இருக்கும் துண்டுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வேண்டும். 2018-இல் வந்த ஃப்ராக்மென்ட்ஸ்மாக் என்ற பாதுகாப்பு ஓட்டை, சிவிஇ-2018-5391, இதில்தான் நுழைந்தது: துண்டுகள் நேர் லிஸ்ட்டில் இருந்தன, சின்னச் சின்னத் துண்டுகளைக் கலைந்த வரிசையில் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் லிஸ்ட்டை நெடுக நடக்க வேண்டியிருந்தது. உடனடி மாற்றாக மேல், கீழ் நினைவக வரம்புகளை 256 கேபி, 192 கேபி என்று குறைக்கச் சொன்னார்கள், பிறகு ரெட்-பிளாக் மரத்துக்கு மாறினார்கள். நீங்கள் மரத்தில் இருப்பது நல்லது. ஃப்ரீபிஎஸ்டி பாக்கெட்டுக்கு 16 துண்டு என்று இயல்பாகவே கட்டுப்படுத்துகிறது. 8 கேபிக்கு அது தாராளம். 1500 எம்டியூவில் முழு நீளப் பாக்கெட்டுக்கு 45 துண்டு வேண்டும், அது அங்கே சேராது.

பலரும் தவறவிடுவது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துண்டு என்றோ எண்ணிக்கை மீறியது என்றோ க்யூவைக் கொன்றுவிட்டால், அதே பாக்கெட்டின் மீதித் துண்டுகள் வந்து புதிய க்யூ ஒன்றைத் தொடங்கும். அது ஒருபோதும் முழுமையாகாது, முழுக் கால அளவுக்கும் நினைவகத்தைப் பிடித்திருக்கும். கொல்வதற்குப் பதிலாகத் துண்டுகளை மட்டும் விடுவித்து, "நிராகரி" என்ற கொடியோடு வெறும் க்யூவைப் பழைய டைமர் அடிக்கும் வரை ஹாஷில் விட்டுவையுங்கள். நூறு இருநூறு பைட்தான் செலவு. ஏறிய துண்டு உள்ள ஐபிவி6 பாக்கெட்டில் இனி வரப்போகும் துண்டுகளையும் கைவிடவேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 5722, இப்படிச் செய்தால் அதுவும் நிறைவேறும். எழுத்துக்கு எழுத்து அதே நகல் துண்டு வந்தால் மட்டும் க்யூவைத் தொடாமல் நகலைக் கைவிடுங்கள், நெட்வொர்க்கிலேயே நகல் உண்டாவது சாதாரணம்.

நுண்கரு எழுதியது:

3 வினாடிக்கு மாற்றியதும் நின்றுபோவது முற்றிலும் இல்லை. வெறும் க்யூ யோசனையையும் சேர்க்கிறேன். இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

பூட்டுச்சாவி எழுதியது:

4000 பைட் பிங் ஒண்ணு எடுத்துக்குங்க. ஐசிஎம்பி தலைப்போட 4008, அது 1480, 1480, 1048-ன்னு மூணு துண்டாகும், ஆஃப்செட் புலத்தில் 0, 185, 370. ஸ்கேப்பியில் (பாக்கெட்டை நாமே உருவாக்கி அனுப்புற கருவி) இதை உடைச்சு நீங்க வேணும்கிறதை மட்டும் அனுப்புங்க. முதல் துண்டு மட்டும்: கால அளவு முடிஞ்சதும் சேர்ப்புத் தோல்வி எண்ணி ஒண்ணு, காலாவதி எண்ணி ஒண்ணு கூடணும், ஐசிஎம்பி ஒண்ணே ஒண்ணு வரணும். நடுத்துண்டு மட்டும்: எண்ணிகள் கூடணும், ஐசிஎம்பி வரக்கூடாது. கடைசித் துண்டை முதல்ல அனுப்பி, பாதி நேரம் கழிச்சு முதல் துண்டு: காலாவதி கடைசித் துண்டு வந்த நேரத்திலிருந்து கணக்காகணும்.

டைமரும் கடைசித் துண்டும் லாக்குக்கு மோதுறதைச் சோதிக்க, கால அளவை 1 வினாடி ஆக்கி, கடைசித் துண்டை 0.998-இலிருந்து 1.002 வினாடிக்குள்ள மாத்தி மாத்தி அனுப்புங்க, ரிசீவ் ஒரு சிபியுவிலும் டைமர் இன்னொண்ணிலும் ஓடணும். விடுவிக்கும் நினைவகத்தை ஒரு குறிப்பிட்ட பைட்டால நிரப்பி வைங்க, தொட்டா உடனே தெரியும். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒண்ணு சேர்ந்திருக்கணும், இல்லை காலாவதி ஆகியிருக்கணும். ரெண்டும் கூடினா கொடியைப் பார்க்காத வழி ஒண்ணு மிச்சம் இருக்கு.

எல்லாம் அடங்கினதும் துண்டு நினைவக எண்ணி சரியா 0-க்கு வரணும். லினக்ஸில் சாக்ஸ்டாட் கோப்பின் ஃப்ராக் வரியில் பார்ப்போமே, அதே மாதிரி உங்க கெர்னலிலும் ஒண்ணு வெளியே காட்டுங்க. மெல்ல மெல்ல ஏறினா, பெரும்பாலும் துண்டின் ஓரத்தை வெட்டின இடத்திலோ ரெண்டு பஃபரை ஒண்ணாக்கின இடத்திலோதான் இருக்கும்: சேர்க்கும்போது கூட்டின அளவு வேற, விடுவிக்கும்போது கழிச்ச அளவு வேற. கூட்டின அளவைத் துண்டோடவே எழுதி வெச்சு, அதையே கழிங்க.